ஆடலும் அவையும்



ஆண்டுதோறும் நம் சங்க விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வரைந்து தருமாறு செயலாளர் பணிப்பதும், அலுவலகக் கோப்புகளுக்கு நடுவே ஓய்வு தேடி நான் எழுதித் தருவதும் வழக்கமாகிவிட்டன. பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் எழுத்தராக வந்து சேர்ந்தவன் நான். நாட்டியம் பயின்றவனல்லன், தாளம் போட்டால் கை ஓரிடம், மனம் வேறிடம். ஆயினும் இவ்வாண்டு நாட்டியம் பற்றியே எழுதத் துணிந்தேன். அதற்குக் காரணம் என் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியாகும்.

என் மூத்த மகளுக்கு அகவை பதினேழு. ஒன்பது ஆண்டுகளாகப் பரத நாட்டியம் கற்று வருகிறாள். சென்ற ஆண்டு தன் ஆசிரியையின் இசைவோடு, முதன்முறையாகத் தானே ஓர் ஆடலை அமைத்தாள். சென்னை செல்லும் நவஜீவன் வண்டியில் மகனை ஏற்றிவிட்டு, வண்டி மறைந்த பின்னும் நடைமேடையில் நின்றுகொண்டிருக்கும் ஒரு தாயைப் பற்றிய எட்டு நிமிட ஆடல் அது. இந்தக் காலனியில் வாழும் நமக்கு அதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. ஆடலைக் கைப்பேசியில் படம் பிடித்து, யாவரும் காணும் வண்ணம் இணையத்தில் ஏற்றினாள். இரண்டே நாளில் முகமறியாதார் பலர் வந்து கருத்துரைத்தனர். சிலர் புகழ்ந்தனர், பலர் பழித்தனர், ஒருவர் அவள் நிறத்தையும் உடலையும் பற்றி எழுதியதை ஈண்டு எழுத என் எழுதுகோல் கூசுகிறது. ஆறு வாரங்கள் அப்பெண் சலங்கையைத் தொடவில்லை.

‘கலையை நாலு பேர் பார்த்துக் குறை நிறை சொல்வது நல்லதுதானே? பின் ஏன் இது இவ்வாறு ஆயிற்று?’ என்னும் வினா என்னை வாட்டியது. விடை தேடி நூலகத்துக்குச் சென்றேன். கிடைத்தவற்றையே இங்குத் தொகுத்துத் தருகிறேன்.

முன்னோர் வகுத்த அவை

ஆடலை அமைப்பவர் ஒருவர். அதனை மதிப்பிடுவோர் பலர். இம்முறை நம்மிடையே மிகப் பழமையானது. அரங்கேற்றம் என்னும் சொல்லே இதற்குச் சான்று. இன்று அச்சொல்லை நாட்டியத்துக்கே உரியதாகக் கருதுகிறோம். முற்காலத்தில் நூலுக்கும் அரங்கேற்றம் உண்டு. தொல்காப்பியம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்கு முன் அரங்கேறியது என்று அதன் பாயிரம் கூறும். அப்பாயிரத்தை இயற்றிய பனம்பாரனார் தொல்காப்பியரோடு உடன் பயின்றவர் என்பது வழிவழி வரும் செய்தி. உடன் பயின்றவரே நூலின் சிறப்பை உலகுக்கு எடுத்துரைத்தார் என்பதை இங்கே நினைவில் இருத்துக.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவியின் அரங்கேற்றத்தைக் காண்கிறோம். ஐந்தாம் அகவையில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டுகள் கற்று, பன்னிரண்டாம் அகவையில் அவள் சோழ மன்னன் முன் ஆடினாள். தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் பெற்றாள். இஃது யாவரும் அறிந்த கதை. ஆயின் அவள் ஆடுவதற்கு முன் இளங்கோவடிகள் யாரை யாரை நமக்கு அறிமுகம் செய்கிறார் என்பதைப் பலர் ஊன்றிப் பார்ப்பதில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலூதுவோன், யாழ் மீட்டுவோன் என ஒவ்வொருவரின் தகுதியும் தனித்தனியே விரித்துரைக்கப்படுகிறது. அரங்கின் அளவும் கூறப்படுகிறது: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். ஆடுபவளைச் சுற்றித் தொழிலறிந்தார் அறுவர் நின்றனர். அவர்தம் செவியையும் கண்ணையும் கடந்த பின்னரே ஆடல் அரசன் முன் சென்றது.

வள்ளுவர் பெருமானும் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை அவைக்கென்றே ஒதுக்கினார். எத்தகைய அவையில் பேசுகிறோம் என்று தெரிந்துகொள்ளுதல் ஒன்று. தெரிந்தபின் அஞ்சாது பேசுதல் மற்றொன்று. என் மகள் இரண்டாவதைச் செய்தாள். முதலாவதை அவளுக்குச் சொல்லித்தர நாங்கள் தவறிவிட்டோம்.

எல்லாவற்றினும் என்னை வியக்கவைத்தது நன்னூல். பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர், கல்வியை நான்கு கூறாக்கிக் கணக்குத் தருகிறார். ஆசிரியர் சொல்வதை ஒழுங்காக மனங்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது காற்பங்கே. அதே தொழிலில் ஈடுபட்டாரோடு சேர்ந்து பயில்வதால் இன்னொரு காற்பங்கு. பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. மேலைநாட்டுக் கல்வியாளர் இன்று உடன்மாணவர் மதிப்பீடு என்று பேசும் பொருளுக்கு நம் இலக்கண நூல் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே பங்கு வகுத்துவிட்டது.

சிலம்பக்கூடத்திலிருந்து சபைக்கு

ஏட்டில் உள்ள இம்முறை நாட்டிய வாழ்வில் எவ்வாறு நடந்தது என்பதை அடுத்துக் காண்போம். இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியேற்றினான் என்பது கல்வெட்டுச் செய்தி. அக்கோயிலின் விமானத்து மேல்தளச் சுற்றில் கரணங்களைக் காட்டும் சிற்பங்கள் 81 முடிவுற்றுள்ளன. பல ஊரிலிருந்து வந்தோர் ஒரே தெருவில் வாழ்ந்து ஒரே தொழில் புரியும்போது, ஒருவர் ஆடலை மற்றவர் காணாதிருத்தல் இயலுமோ?

பின்னர் இரண்டாம் சரபோசி மன்னர் (1798–1832) காலத்திலும் அதனையடுத்தும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் விளங்கினர். நால்வரும் உடன்பிறந்தோர், முத்துசாமி தீட்சிதரிடம் இசை பயின்றோர். அலாரிப்பு முதல் தில்லானா வரை இன்று மேடையில் காணும் நிகழ்ச்சி வரிசையைச் செப்பஞ் செய்த பெருமை அவர்களுக்கே உரியது. ஒருவர் பாட்டியற்ற, ஒருவர் சதி அமைக்க, வீடே அவையாக இருந்த காலம் அது. நட்டுவனார் இல்லத்துச் சிலம்பக்கூடத்தில் தட்டுக்கழி ஓசைக்கு ஆடும் மாணவியரை, முறை வருமென்று காத்திருக்கும் மாணவியர் பார்த்துக்கொண்டே இருப்பர். அவர்கள் கண்ணில் படாத பிழை இல்லை.

இங்கு நம் பரோடாவுக்கும் ஓர் உறவு உண்டு. 1855ல் தஞ்சை அரசு முடிவுற்றபின் கலைஞர் பலர் வேறு புரவலரை நாடிச் சென்றனர். 1880ஆம் ஆண்டு மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் மன்னர் தஞ்சையைச் சேர்ந்த இலட்சுமிபாயை மணந்தார். அவரே பின்னர் முதலாம் சிம்னாபாய் எனப் பெற்றார். அத்திருமணத் தொடர்பால் தஞ்சை ஆடல் மகளிரும் நட்டுவனாரும் இந்நகர் அரண்மனைக்கு வந்தனர். தஞ்சை நால்வர் மரபில் வந்த கண்ணுசாமி நட்டுவனார் இங்கே பணியாற்றியவர். நமக்கு முன்பே, நம்மைப் போலவே, பிழைப்பு நாடி இங்கு வந்து, தமிழ்ப் பதத்தைத் தமிழறியாதார் முன் ஆடியோர் அவர்கள்! இந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் பிற்காலத்தில் நாட்டியத் துறை அமைந்தபோது, கலாக்ஷேத்திரத்தில் பயின்ற மோகன் கோகர் அதன் தலைவராக விளங்கினார். அகமதாபாத்தில் மிருணாளினி சாராபாய் 1949ல் தர்ப்பணா நிறுவனத்தைத் தொடங்கினார். அவரும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவரே.

அவை பெரிதாகிக் கோயிலையும் அரண்மனையையும் விட்டு நகரச் சபைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில். சென்னை மியூசிக் அகாதமி 1928ல் தோன்றியது. 1931ல் கல்யாணி மகளிர் அங்கே ஆடினர். 1932ல் ஈ. கிருஷ்ணய்யரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரும் செய்தித்தாள்களில் மாறி மாறி மடல் எழுதினர். ஒருவர் கலையைக் காக்க வேண்டும் என்றார். மற்றவர் அப்பெண்களின் மானத்தைக் காக்க வேண்டும் என்றார். இரு கூற்றிலும் உண்மை இருந்தது. 1935ஆம் ஆண்டு திசம்பரில் ருக்மிணி தேவியார் அடையாற்றில் ஆடினார். 1936ல் கலாக்ஷேத்திரம் பிறந்தது. 1947ல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. கொடிய வழக்கம் ஒழிந்தது. ஆனால் அதனோடு அம்மரபுப் பெண்கள் பலர் மேடையையும் இழந்தனர். தம் பாட்டிமார் அமைத்த ஆடலைப் பிறர் ஆடக் கண்டும், அதைப் பற்றிக் கருத்துக் கூற அவர்களுக்கு அவையில் இடமில்லாமற் போயிற்று. பாலசரசுவதி அம்மையார் போன்றோர் தம் ஆற்றலால் நிலைத்து நின்றனர். எல்லார்க்கும் அது வாய்க்கவில்லை.

இதை ஏன் கூறுகிறேன் எனில், பழைய அவையெல்லாம் பொன்னவை என்று நான் கருதவில்லை. யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்பதில் அவை எக்காலத்தும் பிழை செய்திருக்கிறது.

கடல் கடந்த ஒரு பட்டறிவு

ஆடலமைக்கக் கற்பிப்பது எப்படி என்னும் வினா அயல்நாட்டிலும் எழுந்தது. 1960ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், மெர்சு கன்னிங்காம் அவர்களின் நடனக் கூடத்தில், ராபர்ட் டன் என்னும் இசைவாணர் ஆடலமைப்பு வகுப்பொன்றைத் தொடங்கினார். தொடக்கத்தில் மாணவர் ஐவரே. ஒருவர் தாம் அமைத்ததை ஆடிக் காட்டுவார். மற்றவர் அதனை ஆராய்வர். ‘நன்று, தீது’ என்று தீர்ப்புச் சொல்வதைவிட, ‘இஃது எவ்வாறு அமைக்கப்பட்டது’ என்று கேட்பதே அங்கு முதன்மையாக இருந்தது. அவ்வகுப்பின் பயனாக 1962 சூலை 6ஆம் நாள் சட்சன் நினைவுத் தேவாலயத்தில் நடந்த நிகழ்ச்சி, அந்நாட்டு நடன வரலாற்றில் ஒரு திருப்பமாயிற்று.

அமெரிக்க நாட்டு லிஸ் லெர்மன் என்னும் நடன அமைப்பாளர், 1990ல் இம்முயற்சியை ஒரு முறையாகவே வகுத்தார். படைத்தவர், கருத்துரைப்போர், நடுநின்று நடத்துவோர் என மூவகையினர்; படிகள் நான்கு. முதற்படியில், பார்த்தோர் தம் மனத்தில் பதிந்தது எது, பொருளுடையதாகத் தோன்றியது எது என்று கூறுவர். இரண்டாம் படியில், படைத்தவரே தம் ஐயங்களைப் பார்த்தோரிடம் கேட்பார். மூன்றாம் படியில், பார்த்தோர் கருத்தை உள்ளே ஒளிக்காத நேரிய வினாக்களைக் கேட்பர். நான்காம் படியிலேதான் கருத்து. அதுவும் ‘இதைப் பற்றி எனக்கொரு கருத்துண்டு, கேட்க விருப்பமா?’ என்று இசைவு பெற்ற பின்னரே. இதைப் படித்தபோது என் தொழில் நினைவுக்கு வந்தது. அடுத்த நிலையத்தார் ‘லைன் கிளியர்’ தராமல் வண்டியை அனுப்புவோமா? சொல்லும் அப்படித்தான், கேட்பவர் வழி திறந்த பின்னரே அது செல்ல வேண்டும்.

கைப்பேசி தந்த கூட்டம்

இனி நம் காலம். 2004ல் முகநூல், 2005ல் யூடியூப், 2009ல் வாட்ஸப், 2010ல் இன்ஸ்டாகிராம் என அடுத்தடுத்து வந்தன. 2020 மார்ச்சில் நாடு முழுதும் ஊரடங்கு வந்தபோது நாட்டிய வகுப்புகளும் கைப்பேசிக்குள் புகுந்தன. அதன் இடர்களை நம் காலனிப் பெற்றோர் அறிவர். ஒலி சற்றுப் பிந்தி வருவதால், வெவ்வேறு வீட்டிலுள்ள மாணவியர் ஒரே தட்டுக்கழிக்குச் சேர்ந்தாட இயலவில்லை. முன்பக்கப் படக்கருவி வலத்தை இடமாகக் காட்டியது. முகம் தெரியும்படி வைத்தால் பாதம் மறைந்தது. பாதம் தெரியும்படி வைத்தால் கண்ணின் பாவம் தெரியவில்லை.

நன்மையும் உண்டு. ஆடியது மறைவதில்லை, மீண்டும் மீண்டும் பார்த்துத் திருத்தலாம். பந்தநல்லூர்ப் பாணியையும் வழுவூர்ப் பாணியையும் பரோடாவில் அமர்ந்தவாறே ஒப்பிட்டு நோக்கலாம். எல்லாவற்றிலும் மேலாக, முன்னர் அவைக்கு வெளியே நிறுத்தப்பட்ட மரபினரின் வழித்தோன்றல்கள் இன்று தம் குரலிலேயே வரலாற்றைப் பேச இக்கருவிகள் வழி திறந்துள்ளன. இது சிறு நன்மையன்று.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இணையம் கூட்டத்தைத் தருகிறது, அவையைத் தருவதில்லை. கூட்டத்தில் எவரும் வரலாம், போகலாம். சொன்ன சொல்லுக்குப் பொறுப்பில்லை. விருப்பக்குறிகளின் எண்ணிக்கை ஆடல் எத்தனை பேரை எட்டியது என்று காட்டுமேயன்றி எங்கே தவறியது என்று காட்டாது. மேலும், இன்ஸ்டாகிராமில் 2020ல் வந்த குறும்படப் பகுதி தொடக்கத்தில் 15 நொடியே இடந்தந்தது. ஒரு வர்ணத்துக்கோ அரைமணிக்கு மேலாகும். 15 நொடிக்கு அமைப்பவள் கண்ணைக் கவரும் தீர்மானத்தை அமைப்பாள். காத்திருக்கும் தாயை அமைக்கமாட்டாள்.

பவணந்தியார் கணக்கில் இரண்டாம் காற்பங்கு எங்கிருந்து வருகிறது? அதே தொழிலில் ஈடுபட்டாரிடமிருந்து. வழிப்போக்கரிடமிருந்து அன்று. என் மகள் கூட்டத்திடம் சென்று அவையிடம் கேட்க வேண்டியதைக் கேட்டாள். பிழை அவளுடையதன்று, வழிகாட்டாத எங்களுடையது.

எண்மர் அவை

பின்னர் நிகழ்ந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நம் காலனியில் பாடம் சொல்லும் ஆசிரியை அம்மையார் நான் கூறிய நாற்படி முறையைப் பயிற்சி முகாமொன்றில் கற்றவர். அவர் மூத்த மாணவியர் எண்மரைக் கொண்டு ஒரு வாட்ஸப் குழு அமைத்தார். மாதம் ஒருவர் தம் ஆடலைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். மூன்று நாள் எவரும் வாய் திறத்தலாகாது. மும்முறை பார்க்க வேண்டும். பின் முதற்படி முதல் நான்காம் படி வரை ஒழுங்காகச் செல்ல வேண்டும். உடலைப் பற்றியும் உடையைப் பற்றியும் பேச்சே கூடாது. பதிவு குழுவை விட்டு வெளியே போகலாகாது. என் மகளை அம்மையார் வற்புறுத்தவில்லை. ‘நீ பார்த்துச் சொல், போதும்’ என்றார். இரண்டு மாதம் பிறர் ஆடலைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் கண் கூர்மையாயிற்று. மூன்றாம் மாதம், அதே பழைய ஆடலை அவளே அனுப்பினாள்.

முதற்படியில் ஒரு சிறுமி இவ்வாறு எழுதினாள்: “அம்மா வண்டியில் ஏறிப் போனதைப் பார்த்தேன், எனக்கு அழுகை வந்தது.” என் மகள் திகைத்தாள். ஏறியவன் மகனல்லவா? பதிவை மீண்டும் பார்த்தபோது உண்மை புரிந்தது. தாயாக நிற்கும்போதும் மகனாக மாறும்போதும் ஒரே பக்கமாக, ஒரே அளவில் திரும்பியிருந்தாள். அமைத்தவளுக்கு அது தாய், இது மகன் என்று தெரியும். பார்ப்பவர்க்கு எப்படித் தெரியும்? முகமறியாதார் எழுதிய அத்தனை கருத்துகளில் ஒருவரும் இதைக் குறிக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண், பாராட்டாகச் சொன்ன ஒரு வரியில், பிழையைக் காட்டிவிட்டாள்.

மகள் அதைத் திருத்தினாள். மகனுக்கு வலப்பக்கம் முழுத் திருப்பம். தாய்க்கோ திருப்பமே இல்லை. தாய் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். ஊர் விட்டு ஊர் வந்த நாம் ஒவ்வொருவரும் புறப்பட்ட நாளில் நம்மைப் பெற்றவள் நின்றாளே, அதைப் போல.

அன்பர்களே! இம்மலர் உங்கள் கையில் இருக்கும் இந்த மாலையில், நம் சங்க மேடையில் அவள் அவ்வாடலை ஆடவிருக்கிறாள். தந்தையாக ஒரு வேண்டுகோள். கைப்பேசியை உயர்த்திப் படம் பிடிப்பதற்கு முன் ஒருமுறை கண்ணாற் காணுங்கள். ஆடல் முடிந்ததும் அவளிடம், அவளிடம் மட்டுமன்று, இன்று மேடையேறும் ஒவ்வொரு குழந்தையிடமும், ‘நன்று’ என்றோ ‘போதாது’ என்றோ சொல்வதற்கு முன், நீங்கள் கண்டது என்ன என்று சொல்லுங்கள். குழந்தை வினவினால் விடை கூறுங்கள். குறை தோன்றின், ‘சொல்லலாமா?’ என்று கேட்டுச் சொல்லுங்கள்.

தொல்காப்பியர்க்கு ஒரு பனம்பாரனாரும், மாதவிக்குத் தொழிலறிந்த அறுவரும் வாய்த்தனர். பிறந்த மண்ணுக்குத் தொலைவில் வளரும் நம் குழந்தைகளுக்கு நாமே அவை. அந்த அவை அறிவுடையதாகவும் அன்புடையதாகவும் விளங்குவதாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் கலை!